திருவனந்தபுரத்தின் சுயேச்சை இசைக் குழுக்கள்: நகர மேடையும் இளங்கலைஞர் வாழ்வும்

ஒரு நகரத்தின் வளர்ச்சியை அளவிடும்போது சாலை, குடிநீர், மருத்துவமனை, பள்ளி ஆகியவை முதலில் கணக்கிடப்படுகின்றன. மாலை நேரத்தில் அந்நகர மக்கள் எங்கே கூடுகின்றனர், எதனைக் கேட்கின்றனர், அதனைப் படைக்கும் கலைஞர் எவ்வாறு பிழைக்கிறார் என்னும் கேள்விகள் திட்ட ஆவணங்களில் அரிதாகவே இடம்பெறுகின்றன. ஆயினும், இசை கற்ற இளைஞர் ஒருவர் தம் ஊரிலேயே தங்கி அக்கலையால் வாழ இயலுமா என்பது அடிப்படையில் வேலைவாய்ப்பைப் பற்றிய கேள்வியேயாகும்.

இக்கேள்வியை ஆராய்வதற்குக் கேரளத் தலைநகரான திருவனந்தபுரம் ஏற்றதொரு களமாகும். இசைக்கு நெடுங்கால ஆதரவு அளித்த நகரம் அது. பழைய இசைக் கல்லூரியும், வானொலி நிலையமும், பெரிய அரங்குகளும் அங்கு உள்ளன. கடந்த கால் நூற்றாண்டில் சொந்தப் பாடல்களைப் பாடும் சுயேச்சை இசைக் குழுக்களும் அங்கே தோன்றியுள்ளன. எனினும், இக்குழுக்கள் ஆண்டு முழுவதும் வாசிப்பதற்கேற்ற சிறிய, நிலையான மேடைகள் போதிய அளவில் அமையவில்லை. இக்குறை எவ்வாறு ஏற்பட்டது, அதனை எவ்வாறு நீக்கலாம் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

சுயேச்சைக் குழு என்பது யாது?

கேரளத்தில் மேடை இசை புதிதன்று. கோயில் திருவிழாக்களிலும் தேவாலயப் பெருநாள்களிலும் 'கானமேளா' எனப்படும் மெல்லிசை நிகழ்ச்சி பல ஆண்டுகளாக நடைபெற்று வருகிறது. தமிழ்நாட்டின் மெல்லிசைக் குழுக்களைப் போன்றே இக்குழுக்களும் பெரும்பாலும் திரைப்படப் பாடல்களையே இசைக்கின்றன. மக்கள் ஏற்கெனவே அறிந்த பாடலை மூலத்துக்கு மிக நெருக்கமாகப் பாடிக் காட்டுவதே இக்குழுக்களின் திறமையாகக் கருதப்படுகிறது.

சுயேச்சைக் குழு மூன்று வகைகளில் இதனின்றும் வேறுபடுகிறது. முதலாவதாக, அது தானே இயற்றி இசையமைத்த பாடல்களை முதன்மையாகப் பாடுகிறது. இரண்டாவதாக, ஒலிப்பதிவுச் செலவையும் நிகழ்ச்சிச் செலவின் பெரும் பகுதியையும் குழுவினரே ஏற்கின்றனர். திரைப்படத் தயாரிப்பாளரோ பெரிய ஒலிப்பதிவு நிறுவனமோ முன்பணம் தருவதில்லை. மூன்றாவதாக, பாடலின் உரிமை இயன்றவரை குழுவினரிடமே இருக்கிறது. கிதார், டிரம்ஸ், மின்விசைப் பலகை ஆகிய மேனாட்டுக் கருவிகளை இக்குழுக்கள் மிகுதியாகப் பயன்படுத்துவது உண்மையே. எனினும், ஒரு குழுவைச் சுயேச்சையானது என்று வகைப்படுத்தக் கருவி அளவுகோலாகாது. செண்டையும் வயலினும் கொண்டு சொந்தப் பாடல் படைக்கும் குழுவும் இவ்வகையைச் சேர்ந்ததே.

இவ்வேறுபாட்டின் பொருளாதார விளைவு தெளிவானது. அறிந்த பாடலைப் பாடும் குழுவுக்குக் கேட்போர் முன்கூட்டியே ஆயத்தமாக உள்ளனர். அறியாத பாடலைப் பாடும் குழுவோ தன் ரசிகரைச் சிறிது சிறிதாகத் தேடிச் சேர்க்க வேண்டும். ஆகவே, நூறு பேர் அமரும் சிறிய இடத்தில், அடுத்தடுத்துப் பலமுறை வாசிக்கும் வாய்ப்பு அதற்கு இன்றியமையாதது.

ஆதரவின் வரலாறு

திருவனந்தபுரத்தில் இசையை வளர்த்த அமைப்புகள் காலந்தோறும் மாறியுள்ளன. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அரண்மனை அப்பொறுப்பை ஏற்றிருந்தது. சுவாதித் திருநாள் மகாராஜாவின் (1813-1846) அவையில் தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு இடம்பெற்றார். அக்காலத்தில் வயலின் தென்னிந்திய இசைக்குப் புதிய மேனாட்டுக் கருவி. அதனைக் கருநாடக இசைக்கு ஏற்றவாறு பயன்படுத்திய முன்னோடிகளுள் வடிவேலுவும் ஒருவர். மன்னர் 1834-இல் அவருக்குத் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார். வெளியிலிருந்து வந்த கருவியைத் தன் மரபுக்குள் ஏற்றுக்கொள்வது இந்நகருக்குப் பழகிய செயல் என்பதற்கு இது சான்றாகும்.

தமிழிசை வளர்ச்சியிலும் இந்நகருக்குப் பங்குண்டு. நீலகண்ட சிவன் இங்கு வாழ்ந்து தமிழ்க் கீர்த்தனைகள் இயற்றினார். பாபநாசம் சிவன் தம் இளமையில் இங்குள்ள மகாராஜா சமஸ்கிருதக் கல்லூரியில் பயின்றார்.

1939-இல் அரசு ஆதரவில் இசைக் கல்விக்கூடம் நிறுவப்பட்டபோது, அரண்மனையின் பொறுப்பில் ஒரு பகுதி கல்வி நிறுவனத்துக்கு மாறியது. ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அதன் முதல் தலைவராக விளங்கினார்; அவருக்குப் பின் செம்மங்குடி சீனிவாச ஐயர் அப்பொறுப்பை ஏற்றார். 1962 முதல் அந்நிறுவனம் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி என வழங்கி வருகிறது. பின்னாளில் இந்தியா முழுவதும் புகழ்பெற்ற கே. ஜே. யேசுதாஸ் இளமையில் இங்கு மேற்பயிற்சிக்குச் சேர்ந்து, பொருள் வசதியின்மையால் தொடர முடியாது விலக நேர்ந்தது. கல்விக்கு இடம் இருந்தும், கற்கும் காலத்தில் வயிற்றுக்கு வழியில்லாத நிலை எத்தகைய இழப்பை விளைவிக்கக் கூடும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

1943 மார்ச் 12-ஆம் நாள் திருவிதாங்கூர் அரசின் வானொலி நிலையம் தொடங்கப்பெற்றது. 1950 ஏப்ரல் முதல் நாள் அது அகில இந்திய வானொலியுடன் இணைந்தது. மாதச் சம்பளம் பெறும் இசைக் கலைஞர் என்னும் ஒரு பிரிவினரை வானொலியே உருவாக்கியது. எம். ஜி. ராதாகிருஷ்ணன் போன்றோர் இந்நிலையத்தில் பணியாற்றித் திரைப்படம் சாராத மெல்லிசைப் பாடல்களைக் கேரளம் முழுவதும் பரப்பினர். அடுத்து ஒலிநாடா வந்தது. 1980-இல் யேசுதாஸ் நிறுவிய 'தரங்கிணி' நிறுவனம் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ஓணப் பாடல்கள், பக்திப் பாடல்கள், மெல்லிசைப் பாடல்கள் ஆகியவற்றை ஒலிநாடாக்களாக வெளியிட்டது. மலையாளத் திரைப்படப் பாடல்கள் பெரும்பாலும் சென்னையில் ஒலிப்பதிவு செய்யப்பட்ட காலத்துக்குப் பின், கேரள மண்ணிலேயே ஒலிப்பதிவுக் கூடம் அமைந்தது ஒரு திருப்பமாகும்.

மேடை எல்லோருக்கும் ஒரே வேளையில் திறக்கவில்லை என்பதையும் இங்குக் கருத வேண்டும். நவராத்திரி மண்டபத்தில் ஆண்டுதோறும் நடைபெறும் கச்சேரிகளில் பெண்கள் பாடும் வழக்கம் நெடுங்காலம் இல்லை. 2006-இல் பாறசாலை பி. பொன்னம்மாள் அங்குப் பாடிய பின்னரே அத்தடை நீங்கியது. மரபும் மாறக் கூடியதே; மாறிய பின் அது தன் பெருமையை இழக்கவுமில்லை.

புதிய குழுக்களின் தோற்றம்

1990-களின் பிற்பகுதியில் கல்லூரி வளாகங்கள் புதிய இசைக்கு இடமளித்தன. பல்கலைக் கழகக் கல்லூரியில் பயின்ற வயலின் கலைஞர் பாலபாஸ்கர் (1978-2018), மாணவப் பருவத்திலேயே 'கன்ஃப்யூஷன்' என்னும் குழுவை அமைத்தார். அவர் தம் தாய்மாமனும் வயலின் வித்துவானுமாகிய பி. சசிகுமாரிடம் கருநாடக இசை பயின்றவர். மரபு முறையில் பெற்ற பயிற்சியை மின்கருவிகளுடன் இணைத்து மேடையில் அளித்தது அவரது தனித்தன்மை. வடிவேலுவின் காலத்தில் மரபுக்குள் நுழைந்த வயலின், ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் அதே நகரில் இளைஞர் கூட்டங்களை ஈர்க்கும் கருவியாயிற்று. 2018-இல் நேர்ந்த சாலை விபத்தின் விளைவாக அவர் நாற்பது வயதில் மறைந்தபோது நகரமே துயருற்றது.

இரண்டாவது எடுத்துக்காட்டு 'அவியல்' குழு. திருவனந்தபுரத்தில் 2003-ஆம் ஆண்டளவில் உருவான இக்குழு, ராக் இசையை மலையாள மொழியிலேயே பாடத் துணிந்தது. அதுவரை கேரளத்தின் ராக் குழுக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பாடி வந்தன. பல காய்களைச் சேர்த்துச் செய்யும் உணவின் பெயரைக் குழு தன் பெயராகக் கொண்டது அதன் நோக்கத்துக்குப் பொருத்தமே. அதன் முதல் இசைத்தொகுப்பு 2008-இல் வெளிவந்தது. அத்தொகுப்பில் இடம்பெற்ற 'ஆடு பாம்பே' என்னும் பாடல், ஸ்ரீ நாராயண குரு இயற்றிய குண்டலினிப் பாட்டை ஆதாரமாகக் கொண்டது. குரு பிறந்த செம்பழந்தி திருவனந்தபுரத்தை அடுத்த ஊர். தமிழில் தேர்ந்த புலமை கொண்டிருந்த அவரது அப்பாட்டு, பாம்பாட்டிச் சித்தரின் மரபைத் தமிழ் வாசகர்க்கு நினைவூட்டும். புதிய ஒலியுடன் மேடையேறியவர்கள் சொல்லைத் தம் மண்ணிலிருந்தே எடுத்துக் கொண்டனர் என்பது இதனால் விளங்கும்.

2011-இல் 'சால்ட் அண்ட் பெப்பர்' திரைப்படத்தில் அவியல் குழுவின் பாடல் இடம்பெற்றது. அதே ஆண்டில் குழுவின் கிதார் கலைஞர் ரெக்ஸ் விஜயன் 'சாப்பா குரிசு' படத்தின் வாயிலாகத் திரை இசையமைப்பாளராக அறியப்பட்டார். சுயேச்சை மேடை திரையிசைக்குப் புதிய திறமைகளை அளிக்கும் பயிற்சிக் களமாகவும் விளங்குகிறது. அதே வேளையில், திரைத்துறையே நிலையான வருவாய் தரும் ஒரே வாயிலாக இருப்பின், மேடையில் உருவாகும் குழுக்கள் விரைவில் கலைந்துவிடும் அபாயமும் உண்டு.

2013 முதல் 'கப்பா டி.வி.' ஒளிபரப்பிய 'மியூசிக் மோஜோ' நிகழ்ச்சி, கேரளக் குழுக்களைப் பல்லாயிரம் வீடுகளுக்கு அறிமுகம் செய்தது. கொச்சியைச் சேர்ந்த 'தைக்கூடம் பிரிட்ஜ்' குழு அவ்வழியே புகழ்பெற்றது. இந்நிகழ்ச்சிக்குப் பின் மேடைகளுக்கான அழைப்புகள் பெருகின. ஆனால், புகழ்பெற்ற சில குழுக்களுக்கே பெரிய மேடைகள் கிடைத்தன. புதிதாகத் தொடங்கும் குழு தன் முதல் ஐம்பது நிகழ்ச்சிகளை எங்கே நடத்துவது என்னும் வினா அப்படியே நின்றது.

நகரின் மேடைகள்

திருவனந்தபுரத்தின் இசை மேடைகளை அளவு நோக்கி மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் வகை பெரிய அரங்குகள். கனகக்குன்று அரண்மனை வளாகத்திலுள்ள நிசாகந்தி திறந்தவெளி அரங்கும், தாகூர் நூற்றாண்டு நினைவாக எழுந்த தாகூர் திரையரங்கும் இவற்றுள் முதன்மையானவை. ஓண வார விழா, அரசு விழாக்கள், 1977-இல் தோன்றிய சூரியா அமைப்பின் கலை நிகழ்ச்சிகள், 1996 முதல் நடைபெறும் கேரளப் பன்னாட்டுத் திரைப்பட விழா ஆகியவற்றுடன் இவ்வரங்குகளின் பெயர் இணைந்தே பேசப்படுகிறது. திரைப்பட விழா நாள்களின் மாலைகளில் இசைக் குழுக்களின் நிகழ்ச்சிகளும் நடத்தப்பட்டுள்ளன. இவ்வரங்குகளில் ஒலி, ஒளி வசதி உண்டு. எனினும், புதிய குழு ஒன்று இத்தகைய அரங்கைத் தன் பொறுப்பில் வாடகைக்கு எடுத்து நிரப்புவது இயலாத செயல்.

இரண்டாம் வகை, விழாவையோ வளாகத்தையோ சார்ந்த மேடைகள். 1939-இல் தொடங்கப்பெற்ற திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரியின் 'த்வனி' போன்ற கல்லூரிக் கலைவிழாக்கள், 1990-இல் கழக்கூட்டத்தில் அமைந்த டெக்னோபார்க்கின் கலை நிகழ்ச்சிகள் ஆகியவை இதில் அடங்கும். கோவளத்தை அடுத்த வெள்ளாரில் உள்ள கேரளக் கலை-கைத்தொழில் கிராமம் இவ்வகையில் தனிக் கவனத்துக்குரியது. ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கத்தின் பொறுப்பில் புதுப்பிக்கப்பட்டு 2021-இல் திறக்கப்பட்ட இக்கிராமத்தில், 2022 நவம்பரில் ஐந்து நாள் பன்னாட்டுச் சுயேச்சை இசைவிழா நடைபெற்றது. உள்நாட்டு, வெளிநாட்டுக் குழுக்கள் ஒரே மேடையில் தத்தம் சொந்தப் பாடல்களை இசைத்தன. தொழிலாளர் கூட்டுறவு ஒன்றின் பொறுப்பிலுள்ள இடம் இத்தகைய விழாவுக்கு மேடையானது இந்திய வளர்ச்சி வரலாற்றில் புதுமையானதே.

மூன்றாம் வகை, சிறிய இடங்களும் தெருவும். வெள்ளையம்பலம் பகுதியிலுள்ள மானவீயம் வீதி, கலைத் தெருவாக நகரில் அறியப்பட்டது. நாடகம், ஓவியம், கவிதை, இசை ஆகியவை கட்டணமின்றி மக்களைச் சந்திக்கும் இடம் அது. உணவகங்கள், சிறு கலைக்கூடங்கள் ஆகியவற்றிலும் அவ்வப்போது நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. புதிய குழுவுக்கு மிகவும் தேவையான வகை இதுவே. நிலையான நாளும் நேரமும் இன்றி மிகவும் தளர்ந்த நிலையில் இருப்பதும் இதுவே.

குழுக்களைக் கண்டறிதல்

சுயேச்சை இசையைப் பற்றி அறிய விரும்பும் மாணவர் முதலில் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு, நிகழ்ச்சி எங்கே நடைபெறுகிறது என்பதே தெரியாமையாகும். திரைப்படத்துக்கு நாளிதழ் விளம்பரம் உண்டு. சபாக் கச்சேரிக்கு ஆண்டு நிரல் உண்டு. சுயேச்சைக் குழுவின் நிகழ்ச்சியோ சில நாள்களுக்கு முன்னரே கைப்பேசி வழியாக அறிவிக்கப்பட்டு, குழுவை ஏற்கெனவே அறிந்தவரை மட்டும் எட்டுகிறது. எனவே, முறையாகத் தேடுவோர் பின்வரும் படிகளைப் பின்பற்றுவது நலம்.

முதற்படியாக, நகரின் ஆண்டுச் சுழற்சியை அறிய வேண்டும். ஓண வாரம், டிசம்பர்த் திரைப்பட விழா, கல்லூரிக் கலைவிழாக் காலம் ஆகியவற்றில் பல குழுக்களைச் சில நாள்களுக்குள் கேட்க இயலும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் திறந்தவெளி நிகழ்ச்சிகள் குறைவது இயல்பு.

இரண்டாம் படியாக, முதன்மைக் குழுவுக்கு முன் வாசிக்கும் தொடக்கக் குழுவைத் தவறாமல் கேட்க வேண்டும். பெயர் பெற்ற குழுவுக்காக வந்த கூட்டத்தின் முன் புதியவர் முதன்முறை தம் பாடலைப் பாடுவது அந்த அரைமணி நேரத்தில்தான். தாமதமாக வருவோர் அதனை இழக்கின்றனர்.

மூன்றாம் படியாக, ஒரு குழுவைக் குறைந்தது இருமுறையேனும் கேட்க வேண்டும். முதல் முறை ஒலியமைப்பின் குறையே காதில் விழக்கூடும். இரண்டாம் முறைதான் பாடலின் அமைப்பும், குழுவினர் ஒருவரையொருவர் தழுவி வாசிக்கும் திறனும் புலப்படும். ஒலிப்பதிவில் பல முறை திருத்தி அடுக்கப்பட்ட ஒலியை மேடையில் நான்கு அல்லது ஐந்து பேர் எவ்வாறு நிறைவு செய்கின்றனர் என்பதை நோக்குவதே நேரடி நிகழ்ச்சியின் பயன்.

நான்காம் படியாக, ஆய்வு மாணவர் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு குறிப்பேடு வைத்தல் வேண்டும். இடம், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், வந்தோர் தொகை, நுழைவுக் கட்டணம், சொந்தப் பாடல்களின் எண்ணிக்கை, பிறர் பாடல்களின் எண்ணிக்கை ஆகியவை அதில் இடம்பெறலாம். ஓராண்டுக் குறிப்பு சேர்ந்தால், நகரின் இசை வாழ்வைப் பற்றி எந்த அலுவலகத்திலும் கிடைக்காத புள்ளிவிவரம் கையில் இருக்கும்.

ஒரு நிகழ்ச்சியின் பொருளாதாரம்

நுழைவுச் சீட்டின் தொகை முழுவதும் கலைஞரின் கைக்கு வருவதில்லை. இடத்தின் வாடகை, ஒலிபெருக்கி அமைப்பு, ஒலி கலக்கும் தொழில்நுட்பர், ஒளியமைப்பு, மின்சாரம், கருவிகளின் போக்குவரத்து, விளம்பரம் ஆகியவை முதலில் கழிகின்றன. இச்செலவுகளில் பெரும்பாலானவை, வந்தோர் ஐம்பது பேராயினும் ஐந்நூறு பேராயினும் மாறாதவை. எனவே, சிறிய கூட்டத்துக்கு வாசிக்கும் குழுவே தலைக்கு மிகுதியான செலவை ஏற்கிறது. ஒலியமைப்பு ஏற்கெனவே நிறுவப்பட்ட சிறிய இடம் ஒன்று கிடைத்தால், செலவின் பெரும்பகுதி ஒரே அடியாகக் குறையும்.

வரி விதிகளும் இங்கு ஆராயத்தக்கவை. சரக்கு-சேவை வரியின் கீழ் 2017-இல் வெளியான விலக்கு அறிவிக்கையின்படி, நாட்டுப்புற அல்லது செவ்வியல் வடிவிலான இசை, நடனம், நாடகம் ஆகியவற்றை நிகழ்த்தும் கலைஞரின் ஊதியம் ஒரு நிகழ்ச்சிக்கு ரூ. 1.5 இலட்சம் வரை வரிவிலக்குப் பெறுகிறது. சொந்தமாகப் படைத்த புதிய இசை இவ்விரு வகைகளுள் எளிதில் அடங்குவதில்லை. எனினும், ஆண்டு வருவாய் ரூ. 20 இலட்சத்தைத் தாண்டாத சேவையாளர் பொதுவாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை என்பதால், சிறிய குழுக்கள் பெரும்பாலும் பாதிக்கப்படுவதில்லை. அதே அறிவிக்கை, பின்னர் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, ஒருவருக்கு ரூ. 500-க்கு மேற்படாத இசை நிகழ்ச்சி நுழைவுக் கட்டணத்துக்கும் விலக்கு அளித்தது. சிறு மேடைகளை நடத்துவோர் இதனை அறிந்திருத்தல் நன்று.

உரிமைச் சட்டத்தின் அறிவு அதனினும் முக்கியம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-இல் நிகழ்த்துநர் உரிமை சேர்க்கப்பட்டது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தமக்குரிய உரிமப் பங்குத் தொகையை விட்டுக் கொடுத்ததாக எழுதி வாங்குவதற்குத் தடை விதித்தது. பிறர் பாடலை மேடையில் பாடுவதற்கு உரிமம் தேவை. 1969-இல் தோன்றிய இந்திய நிகழ்த்துரிமைச் சங்கம் போன்ற அமைப்புகள் வாயிலாக அதனைப் பெறுவது பெரும்பாலும் நிகழ்ச்சி அமைப்பாளரின் கடமை. 2017-இல் இசையமைப்பாளர் இளையராஜா தம் பாடல்களை மேடையில் பாடுவது குறித்து அனுப்பிய வழக்கறிஞர் அறிவிப்பு தமிழகத்தில் பெரும் விவாதத்தை எழுப்பியது. மேடைக்கும் உரிமைக்கும் உள்ள தொடர்பு பொதுமக்கள் பலருக்கு அப்போதுதான் தெரிய வந்தது. சொந்தப் பாடல் பாடும் குழுவுக்கு இச்சட்டம் ஒரு சொத்துப் பத்திரம் போன்றது. யார் எழுதினர், யார் இசையமைத்தனர், பங்கு எவ்வளவு என்பதைக் குழுவினர் முதல் நாளிலேயே எழுத்தில் குறித்துக்கொள்ளாவிடில், புகழ் வந்த பின் பிணக்கும் உடன் வரும்.

ஒலியும் அண்டை வீட்டாரும்

சிறிய மேடைகள் நிலைபெறாமைக்குப் பணம் மட்டுமே காரணமன்று. ஒலியும் ஒரு காரணம். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைப் பயன்படுத்தலாகாது. பண்பாட்டு அல்லது சமய விழாக்களை முன்னிட்டு, ஆண்டில் 15 நாள்களுக்கு மேற்படாமல் நள்ளிரவு 12 மணி வரை தளர்வு அளிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். வணிகப் பகுதியில் முறையே 65, 55 டெசிபல் என்பன அளவுகள். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர்ப் பரப்பை மாநில அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம்.

மானவீயம் வீதியின் அனுபவம் இங்குப் பாடமாகிறது. 2023-இல் அவ்வீதி புதுப்பிக்கப்பட்டு, இரவு நேரத்திலும் மக்கள் கூடும் இடமாகத் திறக்கப்பட்டது. இளைஞர்கள் பெருந்திரளாக வந்தனர். சில வாரங்களுக்குள்ளேயே இரைச்சல் குறித்த முறையீடுகளும், சிற்சில கைகலப்புகளும் எழுந்தன. காவல்துறை ஒலிபெருக்கிக்கும் இரவு நேரக் கூட்டத்துக்கும் கட்டுப்பாடுகளை விதிக்க நேர்ந்தது. அருகில் வாழும் முதியோருக்கும் தேர்வுக்குப் படிக்கும் மாணவருக்கும் உறக்கமும் அமைதியும் தேவை என்பதில் ஐயமில்லை. அதே வேளையில், கட்டணமின்றிப் பாடக் கிடைத்த இடத்தில் கட்டுப்பாடு வந்தால் முதலில் பாதிக்கப்படுவோர் வேறு மேடை வாய்க்காத சிறிய குழுக்களே. இரு தரப்பின் நியாயத்தையும் ஏற்றுத் தீர்வு காண்பதே நிருவாகத்தின் திறமை.

பிற இடங்களின் அனுபவம்

மேகாலய அரசு 2022-இல் அடித்தள இசைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. சுற்றுலா இடங்களிலும் பொது இடங்களிலும் உள்ளூர்க் கலைஞர்கள் முறைவைத்து வாசிக்க, அரசு அவர்களுக்கு ஊதியம் வழங்குகிறது. கலைஞருக்கு வருவாயும், பயணிகளுக்கு மாலைப் பொழுதும், புதிய பாடலுக்குக் கேட்போரும் ஒருங்கே கிடைக்கின்றனர்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2014-இல் தன் நகரத் திட்ட விதிகளில் ஒரு கொள்கையைச் சேர்த்தது. ஏற்கெனவே இசை நிகழும் இடத்துக்கு அருகில் புதிதாகக் குடியிருப்பு கட்டுவோர், ஒலித் தடுப்புச் செலவைத் தாமே ஏற்க வேண்டும். குடியிருப்பின் அருகே புதிதாக இசைக்கூடம் திறப்போருக்கும் அதே பொறுப்பு உண்டு. பின் வந்தவர் பொறுப்பேற்பர் என்னும் இந்த எளிய நெறி, மெல்போர்ன் நகரில் இசைக்கூடங்களுக்கும் குடியிருப்போருக்கும் இடையிலான பல வழக்குகளுக்கு விடை கூறியது.

கேரளத்திலும் இத்திசையில் முயற்சி இல்லாமலில்லை. மாநிலம் 60 ஆண்டுகளை நிறைவு செய்ததையொட்டித் தொடங்கப்பெற்ற வைர விழா உதவித்தொகைத் திட்டம், இளங்கலைஞர்களுக்கு மாதந்தோறும் தொகை வழங்கி, அவர்கள் உள்ளாட்சிப் பகுதிகளில் மக்களுக்குக் கட்டணமின்றிக் கலை பயிற்றுவிக்க வழி செய்தது. கற்பிக்கும் கலைஞருக்குக் கிடைத்த ஆதரவு, படைக்கும் கலைஞருக்கும் விரிவாதல் இயல்பான அடுத்த கட்டமாகும்.

செய்யத்தக்கவை

மேற்கண்ட ஆய்விலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன. பெரிய அரங்கு ஒன்றைப் புதிதாகக் கட்டுவதைவிட, இருக்கும் பொது வளாகம் ஒன்றில் வாரம் ஒரு மாலை, மாறாத நாளில், மாறாத நேரத்தில் புதிய குழுக்களுக்கு ஒதுக்குவது குறைந்த செலவில் மிகுந்த பயன் தரும். மாலை 6 மணிக்குத் தொடங்கி 9 மணிக்கு முடியும் நிகழ்ச்சி ஒலி விதிக்கும் இசையும். கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய மாணவருக்கும், தனியே வீடு திரும்பும் பெண்களுக்கும் உதவும்.

அவ்விடத்தில் ஒலியமைப்பு நிலையாக நிறுவப்பட்டு, ஒலி அளவுமானி எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கப்படலாம். முறையீடு எழும்போது, ஊகத்துக்கு மாறாக அளவைக் கொண்டு பேச அது உதவும். வாசிக்கும் குழுவுக்கான ஊதியம், சிறிதாயினும், முன்கூட்டியே அறிவிக்கப்படுதல் வேண்டும். விளம்பரம் கிடைக்கும் என்பதற்காக ஊதியமின்றி வாசிக்கச் சொல்லும் வழக்கம், வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகளை மட்டுமே மேடையில் நிறுத்தும். தேர்வுமுறை வெளிப்படையாக அமைந்து, சொந்தப் பாடல்களுக்கு முதலிடம் தரப்பட வேண்டும். நகரின் எல்லா இசை நிகழ்ச்சிகளையும் ஒரே பட்டியலாக மாதந்தோறும் வெளியிடும் பொறுப்பை நகராட்சியோ சுற்றுலாத் துறையோ ஏற்கலாம்.

கல்லூரிகளின் கடமையும் உண்டு. கலைவிழாவுக்குப் பெரும் பொருள் செலவிட்டு வெளியூர்க் குழுவை அழைக்கும்போது, அதே மேடையில் உள்ளூர்க் குழு ஒன்றுக்கு முக்கால் மணி நேரம் அளிப்பது கூடுதல் செலவு இல்லாத உதவி. இசைக் கல்லூரி மாணவரும் பொறியியல் கல்லூரிக் குழுவினரும் ஒருவரையொருவர் கேட்கும் வாய்ப்புகள் பெருகினால், பாலபாஸ்கரைப் போன்று இரு உலகங்களிலும் கால் பதித்தவர் மேலும் தோன்றக் கூடும்.

அரண்மனை, கல்லூரி, வானொலி, ஒலிநாடா என ஒவ்வொரு காலத்திலும் திருவனந்தபுரம் தன் இசைக்கு ஏதேனும் ஓர் இருப்பிடத்தை அமைத்துத் தந்துள்ளது. இன்றைய இளைஞரிடம் கருவி உண்டு. வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்யும் வசதியும் உண்டு. இல்லாதது, வாரந்தோறும் சென்று வாசிக்கத்தக்க ஓர் இடமும், அங்கு வந்து அமர்ந்து அறியாத பாடலைப் பொறுமையுடன் கேட்கும் நூறு பேருமே. இடத்தை நிருவாகம் அமைக்கலாம். அந்த நூறு பேரில் ஒருவராகச் செல்வது நகர மக்களின் பொறுப்பு.